ஒரு கரண்டி நுரையில் எத்தனை கிராம்? கடையில் வாங்கும் விப்பிங் கிரீம்களை ஒப்பிடும் முறை

கேக்கின்மேலும் பழத்துண்டுகளின்மேலும் ஐஸ்கிரீமின்மேலும் வைக்கிற அந்த வெண்ணிற நுரை கடையில் பல வடிவங்களில் கிடைக்கிறது. பாலிலிருந்து பிரித்த கெட்டிக் கிரீம் திரவமாகவே பெட்டியில் வருகிறது. அதை நாமே அடித்துக்கொள்ள வேண்டும். முனையை அழுத்தினால் நுரையாகப் பீறிட்டு வரும் கேன் இருக்கிறது. முன்பே அடித்து, உறைய வைத்து, டப்பாவில் நிரப்பி விற்கும் ‘டாப்பிங்’ இருக்கிறது. கேக் செய்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது, தாவர எண்ணெயில் செய்து சர்க்கரையும் சேர்த்து உறைந்த நிலையில் பெட்டியில் வரும் திரவம். இவை போக, குளிர்ந்த பாலில் கலந்து அடிக்கும் தூளும் உண்டு.

இவற்றை ஒப்பிட ஆரம்பித்தவுடன் பேச்சு ‘எது அசல், எது போலி’ என்ற இடத்துக்குப் போய்விடுகிறது. அந்தக் கேள்வி எனக்கு ஒருபோதும் பெரிதாக உதவியதில்லை. இவை எல்லாமே காற்றையோ வேறொரு வாயுவையோ நீரும் கொழுப்பும் சேர்ந்த ஒரு கலவைக்குள் பிடித்து வைக்கும் வழிகள்தான். ஆகவே கேட்க வேண்டியவை மூன்று: உள்ளே காற்று எவ்வளவு, அதைத் தாங்குகிற கொழுப்பு எது, அது எவ்வளவு நேரம் தாங்கும். சுவை, விலை, கலோரி, வடிவம் கலையாமை என்று நாம் பேசும் மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

முதலில் காற்று. அமெரிக்கக் கடைகளில் விற்கும் ரெடி-விப் கேனின் லேபிளில் இரண்டு மேசைக்கரண்டிக்கு 15 கலோரி என்றும், கூல் விப் டப்பாவில் அதே இரண்டு மேசைக்கரண்டிக்கு 25 கலோரி என்றும் இருக்கிறது. 36 சதவீதக் கொழுப்புள்ள கெட்டிக் கிரீம் ஒரு மேசைக்கரண்டிக்கே 50 கலோரி தருகிறது. அடித்தால் அது ஏறத்தாழ இரண்டு கரண்டியாகப் பொங்கும் என்பதால், ஒப்பிட வேண்டிய எண்கள் 15, 25, 50. இதை மட்டும் பார்ப்பவர் கேனில் இருப்பதுதான் மிக ‘லேசான’ பண்டம் என்று முடிவு செய்துவிடுவார். அதே லேபிளில் கரண்டி அளவுக்குப் பக்கத்திலேயே கிராம் கணக்கும் அச்சாகியிருக்கிறது: கேனில் 5 கிராம், டப்பாவில் 9 கிராம். நம் கிரீம் 15 கிராம். நூறு கிராமுக்கு மாற்றிப் பார்த்தால் கேனுக்கு ஏறத்தாழ 300, டப்பாவுக்கு 280, கிரீமுக்கு 340 கலோரி வருகிறது. மூன்று மடங்குக்கு மேல் தெரிந்த இடைவெளி அப்படியே சுருங்கிவிடுகிறது. இடைவெளியின் பெரும்பகுதியை நிரப்பியிருந்தது வாயுதான்.

திரவம் எத்தனை மடங்கு பொங்குகிறது என்பதைத் தயாரிப்பாளர்கள் ‘ஓவர்ரன்’ என்ற சொல்லால் குறிக்கிறார்கள். 100 சதவீத ஓவர்ரன் என்றால் கன அளவு இரட்டிப்பாகிறது என்று பொருள். வீட்டில் அடிக்கும் கெட்டிக் கிரீம் அந்த அளவில் நிற்கும். 250 மில்லி அடித்தால் அரை லிட்டர் கிடைக்கும். தாவர எண்ணெய் டாப்பிங் மூன்று, நான்கு மடங்கு பொங்கும். கேனிலிருந்து வருவது அதையும் தாண்டும். கையில் ஒரு சின்னத் தராசு இருந்தால் இதை நேரிலேயே பார்க்கலாம்: ஒரே கிண்ணத்தை மூன்று முறை, மூன்று வகையாலும் தலைதட்ட நிரப்பி எடை போட்டால், ஒவ்வொரு முறையும் முள் வேறு இடத்தில் நிற்கும். வாங்கும்போது மில்லி கணக்கைவிடக் கிராம் கணக்கைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பால் கிரீம் எப்படிக் காற்றைப் பிடிக்கிறது என்பது தெரிந்துவிட்டால் மற்றவை எல்லாம் எளிதில் புரிந்துவிடும் என்பதால், அந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கிரீம் என்பது நீரில் மிதக்கும் கோடிக்கணக்கான கொழுப்பு உருண்டைகள். அவை மிக நுண்ணியவை. சராசரியாக மூன்று, நான்கு மைக்ரோமீட்டர் விட்டம் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருப்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. கிரீமை அடிக்கும்போது முதலில் உள்ளே போகும் காற்றுக் குமிழிகளைப் பாலின் புரதங்கள் சுற்றிக்கொள்கின்றன. அந்தக் கட்டத்தில் கிண்ணத்தில் பெரிய பெரிய குமிழிகளாகத் தெரியும், நிறுத்தினால் அடங்கிவிடும். தொடர்ந்து அடித்தால் கொழுப்பு உருண்டைகளின் சவ்வு அங்கங்கே கிழிந்து, உருண்டைகள் குமிழிகளின் ஓரத்தில் போய் ஒட்டி, பிறகு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு குமிழிகளுக்கு நடுவே ஒரு வலையைக் கட்டுகின்றன. கரண்டியின் தடம் மறையாமல் நிற்க ஆரம்பிப்பது அந்த வலை விழுந்த நேரம்.

இங்கே உருண்டைகள் முழுதாக ஒன்றில் ஒன்று கலந்துவிடக் கூடாது; தங்கள் வடிவத்தை ஓரளவு வைத்துக்கொண்டே ஒட்ட வேண்டும். அதற்குக் கொழுப்பில் ஒரு பகுதி திடமாகவும் ஒரு பகுதி இளகியும் இருந்தாக வேண்டும். திடப்பகுதியின் படிகங்கள் சவ்வைக் குத்திக் கிழிக்கின்றன. இளகிய பகுதி பசைபோல ஒட்ட வைக்கிறது. பால் கொழுப்பு ஒரே வெப்பநிலையில் உருகும் பொருளன்று. அதன் பகுதிகள் உறைநிலைக்கு வெகு கீழிருந்து ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் உருகுகின்றன. 5 டிகிரிக்குப் பக்கத்தில் திடமும் திரவமும் சரியான கலப்பில் இருக்கும். 20 டிகிரிக்குப் போனால் பெரும்பகுதி இளகிவிடுவதால், எவ்வளவு அடித்தாலும் வலை கட்டாது. கிரீமை மட்டுமின்றிக் கிண்ணத்தையும் பீட்டரின் கம்பிகளையும் குளிர வைக்கச் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

அடிப்பதை நிறுத்தத் தெரிய வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. பளபளப்பு மங்கி, நுனி லேசாக வளைந்து நிற்கும்போது நிறுத்தினால் கிரீம். இன்னும் அரை நிமிடம் போனால் ஓரங்கள் பொரபொரவென்று ஆகும், நிறம் மஞ்சளாகத் திரும்பும், வலை இறுகிக் காற்றையும் நீரையும் வெளியே தள்ளும், மிஞ்சுவது வெண்ணெயும் மோரும். தயிர் கடைபவருக்கு வெண்ணெய் திரள்வது வெற்றி. கிரீம் அடிப்பவருக்கு அதே வெண்ணெய் திரள்வதுதான் தாழி உடைந்த கதை. விளிம்பு பொரபொரப்பாகத் தெரிந்த உடனே கவனித்துவிட்டால், குளிர்ந்த கிரீமை இரண்டு கரண்டி ஊற்றிக் கையால் மெதுவாகக் கலந்து பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

பெட்டியில் வரும் பால் கிரீமிலும் எல்லாம் ஒன்றல்ல. பல நாள் வைத்திருப்பதற்காக 135 டிகிரிக்கு மேல் சில நொடிகள் சூடாக்கிய யு.எச்.டி. கிரீம், சாதாரணமாகப் பாஸ்சுரைஸ் செய்த கிரீமைவிட அடிபட நேரம் எடுக்கும். காய்ச்சிய பாலின் வாடையும் சற்றே இருக்கும். அதன் பொருள் பட்டியலில் கராஜினன் என்று ஒரு பெயர் தென்படலாம். அது கடற்பாசியிலிருந்து எடுப்பது. பெட்டி பல வாரம் அலமாரியில் நிற்கும்போது கொழுப்பு மேலேயும் நீர் கீழேயும் பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பெட்டியில் எழுதியிருக்கும் கொழுப்புச் சதவீதம் இவை எல்லாவற்றையும்விட முக்கியம். 30 சதவீதத்துக்குக் கீழே போனால் வலை கட்டப் போதிய உருண்டைகள் இருப்பதில்லை. 35 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கவலையில்லை. சமையலுக்கென்று விற்கும் 20, 25 சதவீதக் கிரீமை வாங்கி வந்து, பீட்டர் சூடேறும் அளவுக்கு அடித்துவிட்டுத் தம் கைப்பக்குவத்தையே நொந்துகொள்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் கையில் தவறில்லை. வாங்கிய பெட்டியில்தான் போதிய கொழுப்பில்லை.

கேனுக்கு வருவோம். அதற்குள் இருப்பதும் பெரும்பாலும் பால் கிரீம்தான். ஆனால் அதை நுரையாக்குவது அடியல்ல, நைட்ரஸ் ஆக்சைடு வாயு. 1930-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேதியியல் மாணவராக இருந்த சார்லஸ் கெட்ஸ், அழுத்தத்தில் வாயுவைக் கிரீமில் கரைத்துத் திறந்துவிட்டால் அது தானே நுரைக்கிறது என்பதைக் கண்டார். பல வாயுக்களில் நைட்ரஸ் ஆக்சைடு நிலைத்ததற்குக் காரணங்கள் உண்டு. அது கொழுப்பில் நன்றாகக் கரையும். கார்பன் டை ஆக்சைடைப் போல நீரோடு சேர்ந்து புளிப்பாக்காது. அதற்கென்று துருத்தித் தெரியும் சுவையும் இல்லை. 1948-இல் செயின்ட் லூயிஸ் நகரில் ஆரன் லாபின் ரெடி-விப்பைப் பால்காரர்களின் வண்டிகள் மூலம் வீடுவீடாக விற்க ஆரம்பித்தார்.

முனையைத் திறந்தவுடன் அழுத்தம் விலகி, கரைந்திருந்த வாயு ஒரே கணத்தில் கிரீமுக்குள் குமிழியாக விரிகிறது. இதன் வேகம்தான் இதன் பலவீனமும். கொழுப்பு உருண்டைகள் கிழிந்து, ஒட்டி, வலை கட்டுவதற்கு அங்கே நேரமே இல்லை. குமிழிகளைத் தாங்குவது பெரும்பாலும் புரதப் படலம் மட்டும். போதாக்குறைக்கு, எளிதில் கரையும் வாயு எளிதில் வெளியேறவும் செய்யும். எனவே தட்டில் பீச்சிய அழகான சுருள் சில நிமிடங்களில் தளர்ந்து, கால் மணி நேரத்தில் பால் கசிந்த மேடாகிவிடும். சூடான பானத்தின்மேல் வைத்தால் இன்னும் சீக்கிரம். இதை ஒரு குறை என்று நான் எழுத மாட்டேன். வைத்த கையோடு சாப்பிடுவதற்கென்றே செய்த பொருள் அது. அந்த நிமிடத்தில் அதன் மென்மைக்கு வேறெதுவும் ஈடாகாது. கேக்கை மூடிவிட்டு விருந்தினருக்காகக் காத்திருப்பவர் அதை வாங்குவதுதான் பொருத்தமில்லாத தேர்வு.

காத்திருக்கும் கேக்குக்காகவே பிறந்தது தாவர எண்ணெய் டாப்பிங். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் கெட்டிக் கிரீம் விற்பனைக்குக் கட்டுப்பாடு இருந்தது. பஃபலோ நகரில் பால் வியாபாரம் செய்துவந்த ராபர்ட் ரிச், 1945-இல் சோயாவை அடிப்படையாகக் கொண்டு ஒரு மாற்றை உருவாக்கினார். அதை விற்பனையாளர்களுக்குக் காட்ட உலர்பனியோடு பொதிந்து ரயிலில் கொண்டுபோனபோது அது கட்டியாக உறைந்துவிட்டதென்றும், இளக்கி அடித்துப் பார்த்தால் அப்போதும் நன்றாகப் பொங்கியதென்றும் அந்த நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. பால் கிரீமை உறைய வைத்து இளக்கினால் பனிப்படிகங்கள் கொழுப்பு உருண்டைகளின் சவ்வைச் சிதைத்துவிடும்; பிறகு அடித்தால் திரிதிரியாகத்தான் வரும். உறைந்தும் கெடாத கிரீம் என்பது அதனால் வியாபாரத்தில் பெரிய திருப்பமாக அமைந்தது. 1966-இல் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தின் பேர்ட்ஸ் ஐ பிரிவு கூல் விப்பை அறிமுகப்படுத்தியது. அதை உருவாக்கியவர் ஜார்ஜ் லோரன்ட் என்ற உணவு வேதியியலாளர். இதில் அடிக்கும் வேலைகூட வாங்குபவருக்கு மிஞ்சவில்லை.

இத்தகைய டாப்பிங்குகளில் இன்று பெரும்பாலும் இருப்பது செம்பனை விதை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும். பால் கொழுப்பைப் போல இவை அகன்ற வெப்ப வரம்பில் கொஞ்சம் கொஞ்சமாக உருகுவதில்லை. ஒரு குறுகிய எல்லைக்குள் சட்டென்று உருகும். எண்ணெயைக் கெட்டியாக்குவதற்காக அதில் ஹைட்ரஜன் ஏற்றினால் அந்த எல்லை இன்னும் மேலே போய் உடல் வெப்பத்தை எட்டும், சில சமயம் அதைத் தாண்டவும் செய்யும். அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் பூ வடிவம் கலையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல ஒரு படலம் தங்குவதற்கும் இதே காரணம்தான். வாயின் வெப்பத்தில் முழுதாக உருகாத கொழுப்பு அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. நிலைத்து நிற்பதையும் வாயில் கரைவதையும் ஒருசேரக் கேட்டால் எந்த எண்ணெயாலும் முழுமையாகத் தர முடியாது. இரண்டில் எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் ஒரு தயாரிப்பும் இன்னொன்றும் வேறுபடுகின்றன.

பொருள் பட்டியலில் பாலிசார்பேட் 60, சார்பிட்டன் மோனோஸ்டியரேட் போன்ற பெயர்களைக் கண்டதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். இவை பால்மமாக்கிகள், எண்ணெயையும் நீரையும் சேர்த்து வைக்கும் பொருள்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வோம். விப்பிங் கிரீமில் இவற்றின் முக்கிய வேலை ஏறக்குறைய அதற்கு நேர்மாறானது. எண்ணெய்த் துளிகளை இறுக்கமாக மூடியிருக்கும் புரதத்தை இவை இடம்பெயர்த்துவிட்டு, அங்கே மெல்லிய படலமாக உட்கார்ந்துகொள்கின்றன. மேலாடை மெலிந்த துளிகள், அடிக்கும்போது சுலபமாக ஒன்றோடொன்று ஒட்டி வலை கட்டுகின்றன. பால் கிரீமில் கொழுப்புப் படிகங்களும் கையின் உழைப்பும் செய்வதற்கு இங்கே ஒரு துணை கிடைக்கிறது. அதோடு சாந்தன், குவார் போன்ற பிசின்கள் நீரைக் கெட்டியாக்கி, உறைந்து இளகும்போது நீர் பிரிந்து ஒழுகாமல் பிடித்துக்கொள்கின்றன. சர்க்கரை இனிப்புக்கு மட்டுமல்ல. உறைநிலையைத் தாழ்த்தி, உறைபெட்டியில் பண்டம் கல்லாகிவிடாமல் வைப்பதும் அதுதான். கூல் விப் லேபிளில் 9 கிராமுக்கு 1.5 கிராம் கொழுப்பும் 2 கிராம் சர்க்கரையும் என்று இருக்கிறது. எண்களை முழுமையாக்கி அச்சிடுவதால் இது தோராயம்தான் என்றாலும், அந்த டப்பாவில் கொழுப்பைவிடச் சர்க்கரை அதிகம் என்பது தெரிகிறது. சர்க்கரை சேர்க்காத பால் கிரீமில் பாலுக்கே உரிய சர்க்கரையான லாக்டோஸ் மட்டும் சுமார் 3 சதவீதம் இருக்கும். எவ்வளவு இனிப்பு வேண்டும் என்பது அடிப்பவர் கையில் இருக்கிறது.

‘நான்-டெய்ரி’ என்ற சொல்லைப் பற்றிச் சற்று அழுத்தியே எழுத விரும்புகிறேன். பால் ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்குக் கேக் செய்யும் பொறுப்பு ஒருமுறை என்னிடம் வந்தது. பெட்டியின் முகப்பில் அந்தச் சொல் பெரிதாக இருந்ததால் நிம்மதியாக வாங்கி வந்தேன். வீட்டில் அதைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தபோது நான்காவது பொருளாகச் சோடியம் கேசினேட் என்று இருந்தது. கேசின் என்பது பாலின் முதன்மையான புரதம். பால் ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு ஆகாதது அதுவே. பால் கொழுப்பு இல்லாத பண்டத்தையும் ‘நான்-டெய்ரி’ என்று விற்க இடமிருப்பதால், அந்தச் சொல்லைப் பால் அறவே இல்லை என்று படிக்கக் கூடாது. லாக்டோஸ் செரிக்காதவருக்குக் கேசினேட் பொதுவாகத் தொந்தரவு தராது. ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆபத்து. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. ஒவ்வாமை உள்ளவருக்காக வாங்கும்போது முகப்பை விட்டுவிட்டுப் பொருள் பட்டியலையும், ‘பால் உள்ளது’ என்ற ஒவ்வாமை எச்சரிக்கை வரியையும் மட்டுமே நம்ப வேண்டும். அன்று நான் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, தேங்காய்க் கிரீமை இரவெல்லாம் குளிர வைத்து, மேலே திரண்ட கெட்டியை மட்டும் எடுத்து அடித்தேன். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரியிலேயே உருகத் தொடங்கும் என்பதால் கேக்கைச் சாப்பிடும் நேரம்வரை ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கவில்லை.

தாவர எண்ணெய் என்றவுடன் இதயத்துக்கு நல்லது என்று நினைப்பதும் இங்கே பொருந்தாது. இதயத்துக்காகக் குறைக்கச் சொல்லும் நிறைவுற்ற கொழுப்பு, பால் கொழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு. செம்பனை விதை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் அது 80 சதவீதத்துக்கு மேல். முன்பு பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்களால், இதயத்துக்கு இன்னும் கேடான டிரான்ஸ் கொழுப்பும் சேர்ந்திருந்தது. அத்தகைய எண்ணெய்களைப் பாதுகாப்பானவை என்று கருத முடியாது என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015-இல் அறிவித்தது. தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பை உணவிலிருந்து நீக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2018-இல் எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. முழுமையாக ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயில் டிரான்ஸ் கொழுப்பு ஏறக்குறைய இருக்காது. ஆகவே லேபிளில் ‘ஹைட்ரஜன் ஏற்றிய’ என்பதற்கு முன்னால் ‘பகுதி’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ள பழக்கம்.

தூளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1957-இல் வந்த டிரீம் விப் இந்த வகையில் பெயர் பெற்றது. கொழுப்பு, சர்க்கரை, கேசினேட், பால்மமாக்கிகள் ஆகியவற்றை உலர்த்திப் பொடியாக்கியிருப்பதால் ஃபிரிட்ஜ் தேவையில்லை. வேண்டும்போது மிகக் குளிர்ந்த பாலில் கலந்து அடித்தால் போதும். பால் குளிராக இல்லாவிட்டால் அதிலுள்ள கொழுப்பு வேலை செய்யாது, கலவை பாயசம் போலவே நிற்கும். சுவையில் பால் பொடியின் சாயல் விலகுவதில்லை. மின்சாரம் நிலையில்லாத இடத்திலும் பயணத்திலும் இதற்கு இணை இல்லை.

இவ்வளவையும் ஒரே தட்டில் பார்த்துவிடலாம். வெண்ணிறத்துக்கு மாறாக ஒரு கருநிறத் தட்டை எடுத்து, கேனிலிருந்து ஒரு சுருள், வீட்டில் அடித்த கிரீமில் ஒரு கரண்டி, டாப்பிங்கில் ஒரு கரண்டி என்று இடைவெளி விட்டு வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் கேனின் சுருள் விளிம்பிழந்து, அடியில் வெள்ளைக் கசிவு ஒரு வளையமாகத் தெரியும். அரை மணியில் பால் கிரீம் நின்றுகொண்டிருக்கும். ஆனால் மேற்புறம் சற்று மினுமினுத்து, சூடான அறையாக இருந்தால் ஒரு பக்கம் சாயவும் தொடங்கியிருக்கும். ஒரு மணிக்குப் பிறகும் டாப்பிங்கில் கரண்டியின் கோடுகள் எண்ணும்படி இருக்கும். பிறகு மூன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்தால் வரிசை தலைகீழாகும்: முதலில் கரைந்தது எதுவோ அதுவே அதிகம் மணக்கிறது, கடைசிவரை நின்றதில் இனிப்புத்தான் முன்னால் வருகிறது. சாப்பிடுவதற்குச் சற்று முன்னர் வைப்பதென்றால் நான் எப்போதும் பால் கிரீமைத்தான் எடுப்பேன். அடுக்குக் கேக்கை மூடிப் பூ பிழிந்து வெகுதூரம் கொண்டுபோக வேண்டுமென்றால் தாவர டாப்பிங்கை எடுக்க எனக்குத் தயக்கமில்லை. பால் சுவையும் வேண்டும், சற்று நேரம் நிற்கவும் வேண்டும் என்றால் இரண்டையும் கலந்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். கேக் தொழிலில் இருப்பவர்கள் பலர் செய்வது அதைத்தான்.

அந்தத் தட்டில் ஒரு மணிக்குப் பிறகும் குலையாமல் நிற்கும் டாப்பிங்கைப் பார்த்து, அது கெடாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதிலும் நீரும் சர்க்கரையும் புரதமும் இருக்கின்றன; கிருமி வளர இவை போதும். கொழுப்பு உருகாமல் இருப்பதும் பண்டம் கெடாமல் இருப்பதும் வேறு வேறு. பால் கிரீமோ டாப்பிங்கோ, அடித்த எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாமல் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். உறைந்த டப்பாவை இளக்குவதும் மேசையின்மேல் அல்ல, ஃபிரிட்ஜுக்குள்தான். அதற்கு நாலைந்து மணி நேரம் ஆகும். கேனைப் பயன்படுத்தியதும் முனையை வெந்நீரில் கழுவித் துடைத்து வைக்க வேண்டும், ஏனெனில் உள்ளிருக்கும் கிரீமைவிட முனையில் காய்ந்து நிற்கும் அந்தச் சிறு துளிதான் முதலில் புளிக்கும்.